பாங்காக் நகரில் கண்டதும் கருதியதும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



முன்பு சயாம் என்றும், 1939ம் ஆண்டு முதல் தாய்லாந்து என்றும் சொல்லப்படுகிற தேசத்தின் தலைநகரமாகிய பாங்காக்குக்கு நாம் சமீபத்தில் போய் எட்டு நாள் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். அதைக் கேள்விப்பட்ட இவ்வூர்த் தோழர்கள், அங்கு கண்ட காட்சிகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று வற்புறுத்தியதால் உங்கள் முன் வந்து நிற்கிறோம். நாம் சரித்திர ஆராய்ச்சிக்காரரல்ல. கண்ணால் பார்த்ததையும், படித்தும் விசாரித்தும் தெரிந்து கொண்டதையும், அதன்மேல் நமக்குத் தோன்றியதையும் சொல்லுகிறோம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நம்மவர்கள் ஊர் பார்க்கும் விதம் உங்களுக்குத் தெரியும். காசிக்குப் போய் வந்தவரைக் கேட்டால் இத்தனை படித்துறை, இத்தனை முழுக்கு என்பார். வெளிதேசம் போய் வந்தவரைக் கேட்டால் கோபுரம் இவ்வளவு உயரம், கடைவீதி இவ்வளவு நீளம் என்பார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்களே ஒழிய, இதை யார் கட்டினார்கள், யார் காசில் கட்டினார்கள், இப்போது யார் அநுபவிக்கிறார்கள் என்று கேட்டார்களா? இந்த மூன்று கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு போனால் எந்த ஊரும் நமக்குப் பள்ளிக்கூடந்தான். அதில்லாமல் போனால் எல்லா ஊரும் திருவிழாக் கூட்டந்தான்.

முதலில் அந்த ஊரின் பெயரைப் பாருங்கள். பாங்காக் என்பது வெளியார் வழங்கும் பெயர். அந்நாட்டார் குருங் தேப் என்கிறார்கள். அதாவது தேவர்களின் நகரம். முழுப் பெயரையும் சொல்லுவதென்றால் ஒரு மூச்சுப் போதாது. உலகத்திலேயே நீளமான ஊர்ப் பெயர் அதுதானாம். இந்திரன் கொடுத்த நகரம், விஸ்வகர்மா கட்டிய நகரம் என்றெல்லாம் அதற்குள் வருகிறது. சரி, விஸ்வகர்மா கட்டினான் என்று பெயரில் இருக்கிறதே, சரித்திரத்தில் என்ன இருக்கிறது? பழைய தலைநகரமாகிய அயுத்தியாவை 1767ல் பர்மியர் எரித்தழித்த பிறகு, ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரியில் சில காலம் தலைநகர் இருந்தது. 1782ல் முதலாம் ராமன் என்னும் அரசன் பட்டத்துக்கு வந்து, கிழக்குக் கரையில் இந்த நகரத்தை அமைத்தான். அரண்மனை கட்ட வேண்டிய இடத்தில் சீனர்கள் குடியிருந்தார்கள். அவர்களைக் கிளப்பித் தெற்கே சாம்பெங் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள்; அதுதான் இன்றைய சீனர் கடைவீதி. நகரத்தைச் சுற்றி அகழி வெட்டியவர்கள் கம்போடியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 10,000 பேர். மதில் எழுப்பியவர்கள் லாவோஸ் தேசத்திலிருந்து கொண்டுவரப்பட்ட 5,000 பேர். வெட்டியவனும் சுமந்தவனும் கம்போடியனும் லாவோஸ்காரனும்; பெயர் மாத்திரம் விஸ்வகர்மாவுக்கு! நம் நாட்டிலும் பெரிய கோயிலை அரசன் கட்டினான் என்கிறோம். அரசன் ஒரு கல்லையாவது தூக்கியிருப்பானா?

நிற்க, அரண்மனையைப் பார்க்கப் போன கதையைச் சொல்லுகிறோம். வாசலுக்குச் சற்றுத் தூரத்தில் நல்ல உடுப்பு அணிந்த ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்று விசேஷ தினம், பூஜை நடக்கிறது, பகல் ஒரு மணிக்கு மேல்தான் திறப்பார்கள்; அதற்குள் வேறு கோயில்களைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். கையைத் தட்டியதும் துக்துக் என்னும் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. கூலியோ மிகவும் சொற்பம். நாமும் ஏறினோம். ஒரு சின்னக் கோயிலைக் காட்டினான். அடுத்தபடியாக ஒரு ரத்தினக் கடை வாசலில் இறக்கினான். இன்று ஒரு நாள்தான் இந்த விலை, ஊருக்குக் கொண்டுபோனால் இரட்டிப்பாக விற்கலாம் என்று கடைக்காரர் நமக்கு உபதேசம் செய்தார். நம்முடன் வந்த தோழர் பையில் கைவிட்டுக்கூட விட்டார். பிறகு ஏதோ சந்தேகம் தட்டி வெளியே வந்து அரண்மனைக்குத் திரும்பினால், அங்கே காலையிலிருந்தே கதவு திறந்திருக்கிறது, கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது!

தோழர்களே! நம் தோழர் வெட்கப்பட்டார். நாம் சொன்னோம்: "வெட்கப்படாதேயும் அய்யா! நாள் நல்லதல்ல, கதவு மூடியிருக்கிறது, என் மூலமாகப் போனால் லாபம் என்பது எத்தனையோ காலமாக நம் ஊரில் நடக்கிற வியாபாரந்தானே. அங்கே மோட்சக் கதவு, இங்கே அரண்மனைக் கதவு, வித்தியாசம் அவ்வளவுதான். இங்கே நடந்துபோய் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அங்கே பார்க்க முடியாது. அதனால் அந்த வியாபாரம் இன்னும் நடக்கிறது." போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மூடியிருக்கிறது என்று எவன் சொன்னாலும் வாசல்வரை போய்ப் பாருங்கள்.

அரண்மனைக்குள் போக அந்நியருக்குத் தலைக்கு 500 பாட் கட்டணம் வாங்கினார்கள், அந்நாட்டாருக்கு இலவசம். அதன் மதிலுக்குள் மரகத புத்தர் கோயில் இருக்கிறது. பெயர்தான் மரகதம், விக்கிரகம் பச்சை நிறமுள்ள வேறொரு கல். உயரம் 66 சென்டிமீட்டர். வெயில் காலத்துக்கு ஒன்று, மழைக் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு மூன்று தங்க உடைகள். அரசனே வந்து மாற்ற வேண்டுமாம். இந்தப் புத்தர் அங்கே எப்படி வந்தார் தெரியுமா? 1779ல் லாவோஸ் தேசத்து வியந்தியான் நகரத்தைப் படையெடுத்துப் பிடித்தபோது எடுத்து வரப்பட்டவர். எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டைக் காப்பார் என்று இரண்டு நாட்டாரும் நம்பினார்கள். வியந்தியானை ஏன் காக்கவில்லை என்று மாத்திரம் யாரும் கேட்கவில்லை. அரச போகத்தை விட்டுத் துறந்து போனவராகச் சொல்லப்படும் புத்தருக்கு மூன்று தங்கச் சட்டை போடுவதைப் பார்த்தால், ஒரு பெரியவரின் புத்தியைக் கேட்பதைவிட அவருக்குச் சிங்காரிப்பது மனிதர்களுக்கு எவ்வளவு சுலபமாயிருக்கிறதென்று தெரிகிறது.

அந்தக் கோயிலின் சுற்றுப் பிரகாரம் முழுவதும் அந்நாட்டு இராமாயணமாகிய இராமகியனைச் சுவர்ச் சித்திரமாக எழுதியிருக்கிறார்கள், 178 சித்திரங்கள். வேலைப்பாடு வெகு நேர்த்தி. இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த இராமாயணத்தில் சீதை இராவணனுக்குப் பிறந்த மகள்! அநுமான் பிரம்மசாரியல்ல, கடலில் ஒரு மச்சகன்னி, இலங்கையில் சில பெண்கள் என்று அவனுக்குக் காதலிகள் பலர். அங்கே சிறு பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. இந்த ஊரில் ஒருவன் எழுந்து அநுமானுக்குப் பெண்சாதி உண்டு என்று சொன்னால் என்ன ஆகும்? கதை என்றால் நாட்டுக்கு நாடு மாறும். நடந்தது என்றால் எங்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வாட் போ என்னும் கோயில். அங்கே 46 மீட்டர் நீளமும் 15 மீட்டர் உயரமும் உள்ள புத்தர் படுத்திருக்கிறார். எல்லோரும் அவரைப் படம் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாம் அதைவிட அங்குள்ள கற்களைத்தான் நின்று பார்த்தோம். மூன்றாம் ராமன் காலத்தில், அதாவது 1830களை ஒட்டி, வைத்தியம், உடம்பு பிடிக்கும் முறை, செய்யுள், சரித்திரம் முதலிய விஷயங்களைச் சலவைக் கல்லில் வெட்டிச் சுவர்களில் பதித்து வைத்தார்கள். இன்ன நோய்க்கு இன்ன பச்சிலை என்பதை எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் வந்து படிக்கலாம். 2011ல் யுனெஸ்கோ நிறுவனத்தார் இக்கல்லெழுத்துக்களை உலகத்தின் ஞாபகப் பொக்கிஷங்களில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வைத்தியத்தில் இன்றைய விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது இருக்கலாம். ஆனாலும் அதைக் கேளுங்கள்: கேட்டால் காதில் ஈயத்தை ஊற்று என்ற சாஸ்திரத்தை வைத்திருந்த நாட்டிலிருந்து போன நமக்கு, கோயில் சுவரில் வித்தையை எழுதி எல்லோரும் படியுங்கள் என்று வைத்திருப்பதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

சீனர் வட்டாரத்துக்குப் பக்கத்தில் வாட் திரைமித் என்று ஒரு கோயில். அங்குள்ள புத்தர் தங்கம். எடை சுமார் ஐந்தரை டன், உயரம் சுமார் 3 மீட்டர். இதன் சங்கதி வேடிக்கையானது. வெகு காலம் இது வெறும் சுண்ணாம்புச் சிலையென்றே எண்ணப்பட்டு, 20 வருஷம் தகரக் கொட்டகையில் கிடந்தது. 1955ல் புது இடத்துக்குத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்து, மேல் பூச்சு உடைந்தது. உள்ளே தங்கம் தெரிந்தது. எதிரி கொண்டு போகாமலிருக்க யாரோ பூசி மறைத்தார்களென்று கருதுகிறார்கள். தகரக் கொட்டகையில் இருந்தபோதும் அதே புத்தர்தான், இப்போது பளிங்கு மண்டபத்தில் இருப்பதும் அதே புத்தர்தான். அப்போது வராத கூட்டம் இப்போது வருகிறதென்றால், அது புத்தரைக் கும்பிட வருகிறதா, தங்கத்தைக் கும்பிட வருகிறதா?

இனி நம் தமிழோடு சம்பந்தப்பட்ட ஒன்று. நகரத்தின் நடுவில் சிவப்பு வர்ணமடித்த இரண்டு உயர்ந்த மரத்தூண்கள் நிற்கின்றன. பெரிய ஊஞ்சல் என்று பெயர். 1784ல் முதலாம் ராமன் காலத்தில் வைத்தது. 1920ல் இப்போதிருக்கும் இடத்துக்கு மாற்றியது. 2007ல் புதுத் தேக்கு மரத்தில் திருப்பிச் செய்தது. சிவன் வருஷத்துக்கு ஒரு முறை பூலோகத்துக்கு வருவதாகச் சொல்லி, ஆட்கள் இந்த ஊஞ்சலில் ஆகாயத்தை முட்டுகிற மாதிரி ஆடி, மூங்கில் உச்சியில் தொங்கும் பண முடிப்பைப் பல்லால் கவ்வ வேண்டும். சிவன் இருந்து பார்ப்பதற்குப் பதிலாக ஒரு பிரபு உட்கார்ந்து பார்ப்பாராம்! இந்தச் சடங்கை நடத்தியவர்கள் பக்கத்திலுள்ள தேவஸ்தானத்துப் பார்ப்பனப் புரோகிதர்கள். இவர்கள் அச்சமயம் ஓதுவது என்னவென்று ஆராய்ந்த அறிஞர்கள், அது நம் திருவெம்பாவையும் திருப்பாவையும் சிதைந்த உருவத்தில் என்று கண்டு சொல்லியிருக்கிறார்கள். சடங்கின் பெயரே திரியம்பாவை, திரிபாவை என்பதுதான். ஓதுகிறவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிற அரசனுக்கும் தெரியாது. அங்கே தெரியாத தமிழில் மந்திரம். இங்கே தமிழனுக்குத் தெரியாத சமஸ்கிருதத்தில் மந்திரம். மந்திரத்துக்கு மகிமை அதன் பொருளில் இல்லை, புரியாமையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? ஊஞ்சல் ஆட்டத்தை 1935ல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்நாட்டில் மழை பெய்கிறது, நெல் விளைகிறது, வெளிதேசத்துக்கும் கப்பலேறுகிறது.

இதோடு போகவில்லை. ராஜபிரசோங் என்னும் நாற்சந்தியில் நான்கு முகப் பிரம்மாவுக்கு ஒரு சன்னிதி. நம் நாட்டில் கோயிலே அபூர்வமாயுள்ள பிரம்மாவுக்கு அங்கே வெகு செல்வாக்கு. அரசாங்க ஹோட்டல் ஒன்று கட்டும்போது ஆபத்துகள் நேர்ந்தனவென்றும், அஸ்திவாரம் போட்ட நாள் சரியில்லையென்றும் ஜோசியர் சொல்ல, 1956ல் இதை வைத்தார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கூலி கொடுத்து நாட்டியப் பெண்களை ஆடவிடுகிறார்கள். 2006ல் சித்தசுவாதீனமில்லாத ஒரு வாலிபன் சுத்தியலால் அந்தச் சிலையை உடைத்தான்; அங்கிருந்தவர்கள் அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள். உடைந்த சிலையை இரண்டு மாதத்துக்குள் ஒட்டி வைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையை ஒட்டி வைக்க முடியுமா? 2015 ஆகஸ்டில் அதே சன்னிதியில் வெடிகுண்டு வெடித்து 20 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர் காயமடைந்தார்கள். வேண்டிக்கொள்ள வந்தவர்களும் அதில் உண்டு. தோழர்களே, இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்கும்போது நமக்குத் துக்கந்தான் வந்தது. நான்கு பக்கமும் முகமுள்ள தெய்வம் ஒரு பக்கமாவது பார்த்துத் தடுத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கத் தோன்றியது.

இப்போது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். வாட் சாகேத் என்னும் இடத்தில் மண்ணும் செங்கல்லுமாய்ச் செய்த ஒரு செயற்கைக் குன்று. பொன்மலை என்று பெயர். ஏறி நின்றால் நகரம் முழுவதும் தெரிகிறது. அடிவாரத்தில் கழுகுச் சிலைகளும், ஒரு பிணத்தின் உருவமும் வைத்திருக்கிறார்கள். ஏன்? 1820ல் அந்த நகரத்தில் காலரா வந்தது. அரசன் என்ன செய்தான்? நோய்ப் பேயை விரட்டுவதற்காக இரவெல்லாம் பீரங்கி சுடச் சொன்னான். விக்கிரகங்களை ஊர்வலம் விட்டான். பிக்ஷுக்களை ஓதச் சொன்னான். பேய் போகவில்லை, ஊர்வலம் போனவர்கள் போனார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். புதைக்கவும் எரிக்கவும் ஆளில்லாமல் பிணங்கள் இந்தக் கோயில் வெளியில் குவிந்தன, கழுகுகள் தின்றன. பின்னும் பல தடவை காலரா வந்து போயிற்று.

1887ல் சுலாலங்கரன் என்னும் அரசனுடைய சின்னக் குழந்தை சிரிராஜ் என்பது வயிற்றுக் கடுப்பால் இறந்தது. அரண்மனைக்குள்ளேயே வைத்தியம் இவ்வளவுதான் என்று அவனுக்கு உறைத்தது. மறு வருஷம், 1888ல், ஆற்றின் அக்கரையில் அந்தக் குழந்தையின் பெயராலேயே ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. குழந்தையின் சவச் சடங்குக்காகக் கட்டிய மண்டபங்களின் மரச் சாமான்களைப் பிரித்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். 1914ல் குழாய்த் தண்ணீர் வந்தது. தோழர்களே, 1820ல் பீரங்கியால் முடியாததைப் பின்னால் குழாயும் மருந்தும் செய்தன. இன்றைக்குப் படகில் ஆற்றைக் கடந்து போனால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம். ஊர் பார்க்க வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? பொன் வேய்ந்த கோபுரத்தைப் பார்க்கக் காசு கொடுக்கிறோம். பிள்ளை பிழைத்த இடத்தைப் பார்க்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. குழந்தையின் பந்தல் மரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்களே, அந்தப் புத்திதான் நாம் அங்கிருந்து கொண்டுவர வேண்டிய சாமான்.

இன்னொரு சின்னமும் உண்டு. ராஜவீதி நடுவில் நான்கு சிறகு விரித்தாற்போல் நிற்பது ஜனநாயக ஸ்தூபி. 1932 ஜூன் 24ந் தேதி அரசனின் தனியாட்சி ஒழிந்து அரசியல் சட்டம் வந்ததைக் குறிக்க, ஒவ்வொரு சிறகும் 24 மீட்டர் உயரம். அந்தப் புரட்சியோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே ஓட்டுரிமை வந்தது. அதுவரை அங்கே ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு எண் உண்டு: அடிமைக்கு 5, குடியானவனுக்கு 25, பிரபுக்களுக்கு 400க்கு மேல். நம் ஊர் ஜாதிக்குத் தம்பி! அடிமை முறையை 1905லேயே ஒழித்திருந்தார்கள். 1973ல் இந்த ஸ்தூபியைச் சுற்றித்தான் மாணவர்கள் லட்சக்கணக்கில் கூடி ராணுவ ஆட்சியை எதிர்த்தார்கள். எழுபதுக்கு மேற்பட்டவர் சுடப்பட்டு மாண்டார்கள். 1932 புரட்சி நடந்த இடத்தில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை 2017ல் யாரோ பெயர்த்தெடுத்துப் போய்விட்டு, வேறொரு தகட்டைப் பதித்து வைத்தார்கள். தங்கப் புத்தரைப் பூசி மறைத்தார்கள். குடிமக்களின் உரிமையைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். அரசரைக் குறை சொன்னால் ஒரு வார்த்தைக்கு 15 வருஷம்வரை தண்டிக்கும் சட்டமும் அங்கே உண்டு. போகிறவர்கள் வாயை அடக்கிக்கொண்டு போங்கள். ஆனால் கண்ணை அடக்க வேண்டாம்.

ஊர் பார்ப்பதனாலேயே விளைந்த ஒரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். பழைய மதிலின் 14 கோட்டைகளில் மிஞ்சியவை இரண்டு. அதில் ஒன்று மகாகான் கோட்டை. அதன் மதிலோரத்தில் பழைய மர வீடுகளில் பறவைக் கூண்டு செய்கிறவர்களும், பட்டாசு செய்கிறவர்களுமாகச் சாதாரண ஜனங்கள் தலைமுறையாய்க் குடியிருந்தார்கள். வெளியூரார் வந்து பார்ப்பதற்கு அழகாயிருக்க வேண்டுமென்று அவ்விடத்தில் பூங்கா போட நகர நிர்வாகத்தார் முடிவு செய்தார்கள். சுமார் 25 வருஷம் அந்த ஜனங்கள் போராடினார்கள். கடைசி வீடும் 2018ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே புல்தரை இருக்கிறது. 1782ல் அரண்மனைக்காகச் சீனரைக் கிளப்பினார்கள். 2018ல் நம்மைப் போன்ற வேடிக்கை பார்ப்பவர்களுக்காக ஏழைகளைக் கிளப்பினார்கள். அந்தப் புல்லின்மேல் நின்றபோது, நாமும் இதற்கு ஒரு காரணம் என்று நமக்குப் பட்டது.

இவ்வளவு சொன்னதால் அவ்வூரில் நல்லது குறைவென்று எண்ணிவிடாதீர்கள். நடைபாதைச் சோற்றுக் கடையில் உத்தியோகஸ்தனும் கூலிக்காரனும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நீ யார், என்ன ஜாதி என்று கேட்பாரில்லை. கடைக்கு முதலாளியும் சமையல்காரரும் கணக்குப் பிள்ளையும் பெரும்பாலும் ஒரு பெண்தான். யார் வீட்டுப் பிள்ளையும் பிக்ஷுவாகலாம். ஆனால் பெண் பிக்ஷுணியாகக் கூடாதென்று 1928ல் போட்ட தடையை அவர்களுடைய சங்கம் இன்னும் எடுக்கவில்லை. புத்தரைத் தங்கத்தில் வைத்திருக்கிறவர்கள் பெண்ணை வெளியிலேயே வைத்திருக்கிறார்கள்! சீலோம் என்னும் வீதியில் நம்மவர்கள் 19ம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலும் உண்டு. கடல் கடந்து போனவர்கள் பள்ளிக்கூடத்துக்கு முன் மாரியம்மனைக் கொண்டுபோனார்களே என்று நினைத்துக்கொண்டு வந்தோம்.

முடிவாக ஒன்று. பாங்காக் போகப் பணமில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு கோபுரம் இருக்கிறது, ஒரு குழாய் இருக்கிறது, ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அல்லது இல்லாமலிருக்கிறது. நாளைக் காலையில் எழுந்து உங்கள் ஊரையே ஒரு அந்நியனைப் போல் சுற்றிப் பாருங்கள். இதை யார் கட்டினார்கள்? யார் காசு? யார் அநுபவிக்கிறார்கள்? எது பீரங்கி, எது குழாய்? இந்தக் கேள்விகளோடு ஒரு தெரு சுற்றினால் போதும். அதுவே பெரிய யாத்திரை.

நாம் சொன்னதை அப்படியே நம்பாமல் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.